கொல்லுப்பட்டறையை நம்பிப் பிழைக்க முடியுமா, பிறகு அதைக் கற்றுக்கொடுக்க முடியுமா?

திருமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். தாத்தாவின் கொல்லுப்பட்டறை பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து தொழிலைக் கற்றுக்கொள்ளவும், பின்னால் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆசைப்படுகிறார். இந்தக் காலத்தில் ஒருவர் கொல்லராகவும் பயிற்றுநராகவும் பிழைக்க முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

பிழைக்க முடியும் தம்பி. ஆனால் அரிவாள் செய்து விற்பதிலிருந்து தொடங்காதீர்கள், பழுதுவேலையிலிருந்து தொடங்குங்கள். எந்தக் காலத்திலும் பட்டறைக்குச் சோறு போட்டது பழுதுவேலைதான். கற்றுக்கொடுக்கும் தகுதியும் அதிலிருந்துதான் வருகிறது. நான் ஆசாரி வீட்டில் பிறந்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். உலையும் தெரியும், வகுப்பறையும் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வருமானத்தைப் பார்ப்போம். நம் பக்கத்துக் கொல்லர் ஒரே ஊருக்கு மட்டும் வேலை செய்தவர் அல்ல. குறுந்தொகையின் 172-ம் பாட்டில் ஒரு பெண், ஏழு ஊர்ப் பொதுவேலைக்காக ஓர் ஊரில் அமைத்த உலைக்குக் காற்று ஊதும் துருத்தி போல என் நெஞ்சு ஓய்வில்லாமல் வருந்துகிறது என்கிறாள். பல ஊருக்கு ஒரு பட்டறை என்கிற அந்த ஏற்பாடு என் தாத்தா காலம் வரைக்கும் இருந்தது. வேலைக்கு அன்றாடம் காசு கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் வைத்தே ஒவ்வொரு சம்சாரியும் நெல்லோ கேழ்வரகோ கம்போ அளந்துவிடுவார். அதற்கு ஈடாக வருடம் முழுக்க அவர் வீட்டு ஏர்முனை இரும்பான கொழு, மண்வெட்டி, களைக்கொத்து எல்லாவற்றையும் காய்ச்சி அடித்துக் கொடுக்க வேண்டும். புதிதாக ஏதாவது செய்தால் அதற்குக் கூலி தனி. ஆக வீட்டுக் குதிரில் இருந்த தானியம் முழுவதும் பழுதுவேலைக்கு வந்தது.

எப்போது வேலை குவியும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானித்தது. வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. இருபோகப் பாசனத்துக்கு 45,041 ஏக்கர், ஒருபோகத்துக்கு 1,05,002 ஏக்கர் என்று தண்ணீர் திறப்பு அறிவிப்புகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த அறிவிப்பு வந்தால் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்துப் பட்டறைகளில் நிற்க இடமிருக்காது. உங்கள் பக்கத்தில் மானாவாரி அதிகம் என்பதால் ஆடி மழையையும் புரட்டாசி மழையையும் பார்த்துக் கூட்டம் வரும்.

இன்றைக்கு இதில் பாதி இல்லை. டிராக்டர் வந்து கொழு போனது, அறுவடை இயந்திரம் வந்து கதிரரிவாள் போனது, டயர் வண்டி வந்து வண்டிப்பட்டை போனது. வண்டிப்பட்டை போனது எனக்கு இன்னும் ஆற்றாமைதான். ஐந்தடிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக வளைத்து ஒட்டி, சுற்றி வரட்டி அடுக்கிச் சூடேற்றுவார்கள். 600 டிகிரி சூடு ஏறினால் அந்தப் பட்டையின் விட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடும். அந்த ஒரு சென்டிமீட்டரை நம்பித்தான் நாலு பேர் குறடு போட்டுத் தூக்கிச் சக்கரத்தில் இறக்குவார்கள். தண்ணீர் ஊற்றியதும் பட்டை சுருங்கி, விளிம்புக் கட்டையான வட்டையையும் ஆரக்காலையும் நடுவில் இருக்கும் குடத்தையும் ஒன்றாக இறுக்கிவிடும். வெப்ப விரிவைப் பாடமாக நடத்தியபோதெல்லாம் இந்த உதாரணத்தைத்தான் சொன்னேன், பையன்கள் மறந்ததே இல்லை.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. கட்டட வேலைக் கடப்பாரை, நூறு நாள் வேலை வந்த பிறகு பெருகிய மண்வெட்டிகள், மேலூர் கீழவளவுப் பக்கத்துக் கல்லுடைப்பவர்களின் உளிகள், தென்னை ஏறுபவரின் அரிவாள், கசாப்புக்கடைக் கத்தி, கரும்பு வெட்டும் கத்தி. மதுரை ரோட்டோரம் இளநீர் விற்பவர்களை மறந்துவிடாதீர்கள். நாள் முழுக்க வெட்டுகிறவர்கள், அரிவாள் மழுங்கினால் அவர்களுக்கு வியாபாரமே நின்றுவிடும், அதனால் நல்ல வேலைக்கு முகம் சுளிக்காமல் கூலி கொடுப்பார்கள். கடையில் டாடா அக்ரிகோ மண்வெட்டி கிடைக்கிறது, நல்ல மண்வெட்டி. அதோடு போட்டி போட்டுப் புது மண்வெட்டி அடிப்பது வீண்வேலை. ஆனால் அந்த மண்வெட்டியும் சரளை மண்ணில் தேயும். தேய்ந்த வாயைக் காய்ச்சித் தட்டி நீட்டவும், ரொம்பத் தேய்ந்திருந்தால் புது இலை வைக்கவும், காம்பு ஆட்டம் கண்டால் இறுக்கவும் ஆள் வேண்டும். பத்து ஊர் சுற்றிப் பாருங்கள், அந்த ஆள் இல்லாத ஊர்தான் அதிகம்.

பழுதுவேலையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் கூலி மட்டும் காரணம் இல்லை. தொழில் அதில்தான் படியும். அரிவாள் வாய் மடங்கி வந்தால் துவைச்சல் பற்றவில்லை. துவைச்சல் என்பது சூட்டிரும்பைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி உறுதி ஏற்றுவது. வாய் துண்டு துண்டாகச் சிதறி வந்தால் துவைச்சல் மிஞ்சிவிட்டது. மண்வெட்டியின் ஒரு மூலை மட்டும் தேய்ந்திருந்தால் பிடிக்கிறவர் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும், காம்பின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் அவருக்கு இடுப்புவலி குறையும். சரிசெய்து கொடுத்த கருவி சில மாதம் கழித்துத் திரும்ப வரும். எப்படி வருகிறது என்று பார்ப்பதுதான் உங்களுக்குப் பரீட்சை. புதுச் சாமானைச் சந்தையில் விற்றுவிட்டால் அது எப்படி உழைத்தது என்று உங்களுக்குச் சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

கற்கும் வரிசையைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பையன் முதலில் துருத்தியில் உட்காருவான், பிறகு சம்மட்டி பிடிப்பான், குறடு கைக்கு வர வருடங்கள் ஆகும். துருத்தி போய்க் கைச்சக்கர ஊதி வந்து, இப்போது மின்சார ஊதி ஒரு ஸ்விட்சில் ஓடுகிறது. அதனால் முதல் பாடமே காணாமல் போய்விட்டது என்பது என் கருத்து. துருத்தியில் உட்கார்ந்தவன் மணிக்கணக்கில் நெருப்பைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. காற்று கூடினால் என்ன நிறம், குறைந்தால் என்ன நிறம் என்பது அவன் கண்ணில் ஏறிவிட்டது. நீங்கள் மின் ஊதியே வையுங்கள், ஆனால் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தகட்டுத் திறப்பு வைத்து, கொஞ்ச நாளைக்கு உலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கரிக்குக் குறை இல்லை. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துச் சீமைக்கருவேல மூட்டக்கரி தாராளமாக வருகிறது. நிலக்கரி வேண்டாம் என்பேன், அதிலிருக்கும் கந்தகம் இரும்பில் ஏறினால் அடிக்கும்போதே வெடிப்பு விடும்.

பழைய பட்டறைகள் கூரை தாழ்ந்து இருட்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வசதி இல்லாமல் அப்படிக் கட்டியதாகப் பலர் நினைக்கிறார்கள். வெயிலில் வைத்துப் பார்த்தால் 800 டிகிரி இரும்பின் செம்மை சரியாகத் தெரியாது, குறைவாகச் சூடானது போலத் தோன்றும். அதை நம்பி மேலும் ஏற்றினால் எஃகு கெட்டுவிடும். தாத்தா பட்டறையைப் பழுது பார்க்கிறேன் என்று பெரிய ஜன்னல் வைத்து வெளிச்சமாக்கிவிடாதீர்கள். புகை போக வழி இருக்கட்டும், வெயில் நேராக உலைமேல் விழாமல் இருக்கட்டும்.

நிறம்தான் எல்லாமே. அடித்து நீட்ட ஆரஞ்சு நிறத்துக்கு மேல், சுமார் 1,000 முதல் 1,100 டிகிரி. மங்கிய சிவப்புக்கு வந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தால் உள்ளே கீறல் விழும். வெள்ளை ஏறிப் பொறி பறந்தால் எஃகு எரிந்துவிட்டது, அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான். துவைச்சலுக்குப் பழுத்த சிவப்பு, ஏறக்குறைய 800 முதல் 850. இங்கே ஒரு காந்தம் பெரிய துணை. 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றி எடுத்தால் சரியான இடம். பழைய ஆசாரிகள் காந்தம் வைத்துக்கொள்ளவில்லை, அவர்கள் கண்ணுக்கு அது தேவைப்படவில்லை. கற்றுக்கொள்கிறவருக்கு அது கண்ணைப் பழக்கும்.

முக்கி எடுத்ததும் வேலை முடியவில்லை. வாய்ப்பக்கத்தை மட்டும் முக்கி எடுத்து, செங்கல்லில் சட்டெனத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு நகர்ந்து வரும்போது நிறங்கள் ஓடும். முதலில் 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம், 255-ல் பழுப்பு, 280-ல் ஊதா, 300-ல் நீலம். கல் உளிக்கு வைக்கோல் தாண்டிப் பழுப்பு வரும்போது நிறுத்த வேண்டும். தென்னை அரிவாளுக்கு ஊதா தட்டும்போது. சில நொடிகளில் நடந்துவிடுகிற காரியம் இது. நல்ல ஆசாரி ஒருவர் இந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லமாட்டார்.

இரும்பு விஷயத்தில் உங்கள் டிப்ளமோ கை கொடுக்கும். லாரி ஸ்பிரிங் பட்டைதான் நம் பக்கத்துக் கொல்லர்களின் எஃகு. அரை சதவீதத்துக்கு மேல் கரிமம், கூடவே சிலிக்கான். துவைச்சல் நன்றாக ஏறும், ஆனால் தண்ணீரில் முக்கினால் கீறல் விடும் அபாயம் உண்டு, எண்ணெய் பாதுகாப்பு. கட்டடக் கம்பியில் கரிமம் குறைவு, அதை எவ்வளவு முக்கினாலும் அரிவாள் வாய்க்கான உறுதி வராது. ரயில் தண்டவாளத் துண்டு யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கணக்கில்லாத ரயில்வே பொருளை வைத்திருப்பதே 1966-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இனி கற்றுக்கொடுக்கும் பக்கம்.

நம் ஆசாரிகள் நல்ல ஆசிரியர்கள், ஆனால் வாயால் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. ‘பாரு’ என்பார்கள், மறுபடியும் ‘பாரு’ என்பார்கள். வீட்டுப் பையன் பத்து வருடம் பார்த்தால் அது போதும். வெளியாள் ஒருவர் சனி, ஞாயிறு மட்டும் வந்தால் போதாது. கம்மாளர் வீட்டுக்குள்ளேயே தொழில் சுற்றிக்கொண்டிருந்ததால் சொல்லிக் கொடுக்கும் முறை ஒன்றை உருவாக்கத் தேவை ஏற்படவில்லை. இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். யார் ஆர்வத்தோடு வந்தாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்களும் இல்லை. பல பட்டறைகளில் ஆசாரி சின்னச் சுத்தியால் இடம் காட்ட, பெரிய சம்மட்டியை ஓங்கி அடித்தது அவர் மனைவிதான். வடக்கிலிருந்து வந்து சாலையோரம் உலை போடும் குடும்பங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

முதல் பாடமாக அரிவாளைக் கொடுக்காதீர்கள், உளியைக் கொடுங்கள். சின்னக் கருவி, கொஞ்சம் இரும்பு, அடிப்பது, தீட்டுவது, துவைச்சல் மூன்றும் அதில் இருக்கிறது. செய்து முடித்தவுடன் ஒரு கல்லில் வைத்து அடித்துப் பார்த்தால் தப்பும் சரியும் அங்கேயே தெரிந்துவிடும். யாரும் மார்க் போட வேண்டியதில்லை.

இன்னொரு செய்முறை நான் பல வருடம் செய்தது. ஸ்பிரிங் பட்டையிலிருந்து விரல்கனத் துண்டு ஒன்றில் அங்கங்கே வெட்டுத் தடம் போட்டு, ஒரு முனை வெள்ளையாகவும் மறுமுனை கறுப்பாகவும் இருக்கும்படி சூடேற்றி, அப்படியே முக்கிவிட வேண்டும். ஆறியதும் ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு, தடம் தடமாக உடைக்க வேண்டும். அதிகம் சூடான பக்கம் உடைந்த முகத்தில் மணல் போலக் கொரகொரவென்று பெரிய பருக்கைகள் தெரியும். சரியான சூட்டில் இருந்த இடத்தில் பருக்கை கண்ணுக்கே தெரியாது, சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருக்கும். குறைவாகச் சூடான முனை உடையாது, வளையும். ஒரே துண்டில் மூன்றும். சூடு ஏன் முக்கியம் என்று இதன் பிறகு யாரும் கேட்டதில்லை.

நிறுவனங்களில் இடம் இருக்கிறதா என்று கேட்டால், கதவு இருக்கிறது, கொஞ்சம் குனிந்து போக வேண்டும். கே.புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையம் மாதிரி இடங்களில் கொல்லுவேலைக்கு நெருக்கமானவை ஃபிட்டர், வெல்டர் பிரிவுகள். அங்கே பயிற்றுநர் ஆகக் கல்விச் சான்றும், பயிற்றுநர் பயிற்சிச் சான்றும் வேண்டும். உங்களிடம் டிப்ளமோ இருப்பதால் அந்த வழி திறந்தே இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளையும் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013-ம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதலாண்டுப் பட்டறைப் பயிற்சியில் கொல்லுவேலை செய்முறை விளக்கமாக இருந்தது. இரும்பைக் காய்ச்சி அறுகோணத் தலை போல்ட் செய்வதுதான் அதன் உதாரணம். அதைக் காட்டத் தெரிந்த ஆட்கள் குறைவு. நேரில் போய்ப் பட்டறைப் பொறுப்பாளரைப் பார்த்தால் ஒரு நாள் விளக்கத்துக்காவது கூப்பிடுவார்கள்.

பள்ளிக்கூடம் வேறு கதை. கைத்தொழில் வழியாகவே படிப்பு என்ற ஆதாரக் கல்வி யோசனை 1937-ல் வார்தா மாநாட்டில் வந்தது. உங்களுக்குப் பக்கத்திலேயே, டி.கல்லுப்பட்டியில் 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்த ஜே.சி.குமரப்பா கடைசி ஆண்டுகளில் தங்கியிருந்த இடம். ஆனால் ஆதாரக் கல்வியிலும் நூற்பு, நெசவு, விவசாயம், தச்சுதான் முன்னால் நின்றன. 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை ரூ.5,000 தொகுப்பூதியத்தில் எடுத்தபோது தையலுக்கும் தோட்டக்கலைக்கும் இடம் இருந்தது, உலைக்கு இல்லை. குழந்தைகளை நெருப்புக்குப் பக்கத்தில் விடப் பயப்படுவது நியாயம்தான். அதனால் பள்ளியை நம்பி இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை.

உங்கள் சொந்தப் பட்டறையே பள்ளியாக இருக்கட்டும். வாடிக்கையாளர் வந்து போகிற பட்டறையில், வாரத்தில் ஒரு நாள் இரண்டு பேருக்கோ மூன்று பேருக்கோ மேல் சேர்க்காமல் சொல்லிக் கொடுங்கள். ஒரே நாளில் கொக்கி, ஆணி, சின்ன உளி செய்ய வைக்கலாம். ஒரே நாளில் அரிவாள் என்று விளம்பரம் செய்தால் அது ஏமாற்று. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள், கட்டடக் கலைஞர்கள், சிற்பம் படிக்கிறவர்கள் காசு கொடுத்தே வருவார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குக் குறைத்து வாங்குங்கள். ஊர்ப் பையன் ஒருவனை எப்போதும் கூலி கொடுத்து உடன் வைத்துக்கொள்ளுங்கள், தொழில் கடைசியில் அவனிடம்தான் தங்கும்.

அரிவாள் பற்றி ஒரு வார்த்தை. திருப்பாச்சேத்தி பெயர் நமக்கெல்லாம் பெருமை. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கும் ஊர் ஊராக இருக்கிற கருப்பசாமிகளுக்கும் நேர்த்திக்கடனாக ஆள் உயர அரிவாள் செய்து கொடுப்பது மரியாதையான வேலை, வந்தால் செய்யுங்கள். மற்றபடி முகம் தெரியாதவர் வீச்சரிவாள் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் மட்டுமே ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. 2021 செப்டம்பரில் காவல்துறை, வாங்குகிறவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை எழுதிவைக்கச் சொல்லிப் பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. ஒரு நோட்டு போட்டு எழுதிவையுங்கள், யாரும் சொல்லாவிட்டாலும்.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையம் போங்கள். கலைஞர் கைவினைத் திட்டத்தில் ரூ.3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.50,000 மானியமும் உண்டு. ஆனால் 35 வயதும் தொழிலில் ஐந்து வருட அனுபவமும் கேட்கிறார்கள், அது உங்களைவிட உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிற ஆசாரிக்குப் பொருந்தும், அவருக்கு வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு, வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டம் பொருந்துகிறதா என்று அங்கேயே கேட்டுவிடலாம். பெரிய இயந்திரச் சம்மட்டிக்கு முதல் வருடமே கடன் வாங்காதீர்கள். ஊதி, ஒரு நல்ல சாணை இயந்திரம், நாலைந்து குறடு போதும். இரும்பை வைத்து அடிக்கும் தாத்தாவின் அடைகல் உள்ளே கிடந்தால் அதை இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்திருந்ததற்கு வீட்டாருக்கு நன்றி சொல்லுங்கள், அப்படி ஒன்றை இன்று வாங்குவது லேசு இல்லை.

கண்ணாடியும் காதடைப்பும் முதல் நாளிலிருந்தே போடுங்கள். பருத்திச் சட்டை மட்டும், பாலியெஸ்டர் பொறி பட்டால் தோலோடு ஒட்டும். என் தலைமுறை ஆசாரிகளில் காது மந்தமாகாதவர் குறைவு. துத்தநாகம் பூசிய கம்பியையோ தகட்டையோ உலையில் போடவே கூடாது, அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

கடைசியாக, உங்கள் பக்கத்தில் இன்னும் உலை மூட்டுகிற பெரியவர் ஒருவரைத் தேடுங்கள். அமாவாசை அன்று ஆசாரிகள் வேலை செய்யமாட்டார்கள், அன்றைக்குப் போனால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். ‘ஐயா, கூடமாட இருந்து சம்மட்டி அடிக்கிறேன், சொல்லிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். சும்மா கற்றுக்கொண்டு வராதீர்கள். உங்களுக்காக அவர் செலவிடும் ஒவ்வொரு நாளுக்கும், நம் பக்கத்தில் ஒரு கொத்தனாருக்கு என்ன கூலியோ அதைக் கையில் கொடுங்கள். வேண்டாம் என்பார், வற்புறுத்திக் கொடுங்கள். அந்தப் பணத்தையும் பட்டறை தொடங்கும் செலவுக் கணக்கில் இப்போதே எழுதிவிடுங்கள்.